விரல் மரத்துப்போகிறது, வேலையை விட்டுவிடவா?

கேள்வி

தருமபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 36, உயரம் ஐந்தடி. (உயரத்தைக்கூட எழுதியிருக்கிறார், நல்லதாகப் போயிற்று, பின்னால் தேவைப்படும்.) சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினொரு வருடமாக டைப் அடிக்கிறார். கிரயம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று சாதாரண நாளில் ஐந்தாறு பத்திரம்; முகூர்த்த நாளில் டோக்கன் கூடுதலாகக் கொடுப்பதால் பத்தைத் தாண்டும். நான்கு மாதமாக வலது மணிக்கட்டில் வலி. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடுகிறது, எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் சரியாகிறதாம். போன மாதம் தண்ணீர்ச் சொம்பு கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பயம் வந்திருக்கிறது.

மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை, ஒரு நரம்புச் சத்து மாத்திரை, மணிக்கட்டுக்கு ஒரு எலாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். பட்டையைப் பகல் முழுக்க இறுக்கிப் போட்டுக்கொண்டே டைப் அடிக்கிறார். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர், ஆன்லைனில் ஜெல் திண்டும் வளைந்த மவுஸும் வாங்கலாம் என்கிறார், மூவாயிரத்துச் சொச்சம் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா "நம்ம ஊர்த் தண்ணிதான் காரணம், ஃப்ளோரைடு" என்கிறார். மாமியார் நரம்பு நீவிவிடுபவரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறார். முதலாளியோ "எல்லாரும்தான் டைப் அடிக்கிறாங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். கடிதத்தின் கடைசி வரிகள்: "இது கம்ப்யூட்டர் வியாதிதானே? வேலையை விட்டால் சரியாகிவிடுமா? ஆபரேஷன் செய்தால் கையே விளங்காமல் போய்விடும் என்கிறார்களே?"

கூடவே, உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

முதலில் நீங்கள் கடைசியில் கேட்டதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். விட்டால் சம்பளம் நிற்கும், மரத்துப்போவது நிற்கும் என்று சொல்ல முடியாது. அதே சமயம் "எல்லாரும்தான் டைப் அடிக்கிறாங்க" என்று தள்ளிப்போடவும் கூடாது, ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பது வெறும் மணிக்கட்டு வலி இல்லை.

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதை நீங்கள் சரியாகக் கவனித்து எழுதியது எனக்குப் பெரிய உதவி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்; சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. ராத்திரியில் அதிகம், உதறினால் குறைகிறது. பாடப் புத்தகத்தில் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று இருப்பதன் முகம் கிட்டத்தட்ட இதுதான். நம் மணிக்கட்டில் அடியில் சிறு எலும்புகள் வாய்க்கால் மாதிரி வளைந்திருக்கும், மேலே கெட்டியான ஒரு தசைநார் பட்டை கூரை மாதிரி மூடியிருக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரே ஒரு நரம்பும் உள்ளங்கைக்குப் போகின்றன. போர்வெல் பைப்புக்குள் கயிறுகளும் மோட்டார் கேபிளும் நெருக்கிக்கொண்டு இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு கொஞ்சம் பருத்தாலும், பைப் வளைந்தாலும் முதலில் நசுங்குவது கேபிள்தான். மீடியன் நரம்பு என்கிற அந்தக் கேபிள்தான் கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரைக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வோம், அதனால்தான் இந்த நள்ளிரவு எறும்பு.

சுண்டுவிரல் மரத்திருந்தால் நான் முழங்கையைப் பார்த்திருப்பேன். கட்டைவிரல் பக்கத்து எலும்போரம் மட்டும் வலித்தால் அது வேறு, மொபைலை ஒற்றைக் கையில் பிடித்துத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களுக்கும் கைக்குழந்தை தூக்குபவர்களுக்கும் வருவது. கழுத்திலிருந்து வலி கை வழியாக இறங்கினால் அது இன்னொன்று. இது எல்லாவற்றையும் "கம்ப்யூட்டர் வியாதி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம், அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

புளியை மறந்துவிட்டீர்கள்

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "ராத்திரி எட்டு மணிக்கு மேல் அத்தைக்குக் கொஞ்சம் புளி தட்டிக் கொடுப்பேன், அவ்வளவுதான்." அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

நம் பக்கத்தில் புளி வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவன் இல்லை நான். வியாபாரி மூட்டையை வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போவார், கிலோ கணக்கில் கூலி. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, ஒரு கல்லின் மேல் வைத்து இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டைச் சொடுக்கி, கல்லில் மோதும் அதிர்வை உள்ளங்கையில் வாங்குகிறோம். இரண்டு மணி நேரத்தில் எத்தனை தட்டு என்று நீங்களே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். வலி தொடங்கியது மாசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். மாசி, பங்குனி புளி சீசன். பத்திர ஆபீஸில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், இத்தனை வருடம் வராதது இந்த வருடம் ஏன் வந்தது என்று கேட்டால், இந்த வருடம்தான் கூடுதலாக மூட்டை இறக்கிக்கொண்டோம் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, வீட்டுக் கடன் பற்றிச் சொல்லும் இடத்தில்.

கீபோர்டு அடிப்பதால் மட்டும் கார்ப்பல் டனல் வருமா என்பதில் ஆராய்ச்சிகளே ஒருமித்துப் பேசவில்லை. ஆனால் பலம் கொடுத்து இறுக்கிப் பிடிப்பது, அதிர்வு, மடங்கிய மணிக்கட்டோடு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, இந்த மூன்றுக்கும் இருக்கும் ஆதாரம் வலுவானது. இந்த மூன்றும் சேர்ந்த வேலை உங்களுக்கு ராத்திரியில்தான் நடக்கிறது. அதோடு தினமும் கேழ்வரகுக் களி கிண்டுகிறீர்கள், துணி பிழிகிறீர்கள், 14 கிலோமீட்டர் ஸ்கூட்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி போய்வருகிறீர்கள். கைக்கு ஒன்பதிலிருந்து ஆறு வரைதான் டியூட்டி என்று நினைத்திருக்கிறீர்கள், கை அப்படி நினைக்கவில்லை.

புளியை அடியோடு நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் அந்தக் காசை நான் தரப்போவதில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள். ஆறு வாரத்துக்குத் தட்டும் வேலையை மட்டும் அத்தையோ வேறு யாராவதோ பார்க்கட்டும். நீங்கள் எடை போடுவது, நார் பொறுக்குவது, உலர்த்துவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அத்தைக்கும் இதே வலி வராமலிருக்க, கம்பியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுங்கள். ஒல்லியான கம்பியைப் பிடிக்கத்தான் விரல் அதிகம் இறுக வேண்டியிருக்கும், கொஞ்சம் பருத்த பிடி என்றால் பாதி பலத்தில் நிற்கும். களிக்கு வீட்டில் யாராவது ஒருவர் துடுப்பைப் பிடிக்கட்டும், உங்கள் மகன் பத்தாவது படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், கை நன்றாகத்தானே இருக்கிறது. துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள், மணிக்கட்டு வேலை செய்யாமல் தோள் வேலை செய்யும்.

போட்டோவில் நான் பார்த்தது

இப்போது ஆபீஸுக்கு வருவோம், ஏனென்றால் புளி பெரிய குற்றவாளி என்பதால் மேசை நிரபராதி ஆகிவிடாது.

போட்டோவில் உங்கள் கையைத்தான் முதலில் பார்த்தேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், உள்பக்கமாக, குறுக்கே ஒரு சிவந்த கோடு. மேசை விளிம்பு பதிந்த கோடு அது. நீங்கள் உட்கார்ந்திருப்பது சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி, உட்காரும் இடம் சுமார் 17 அங்குலம் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால் முழங்கை அங்கிருந்து எட்டரை, ஒன்பது அங்குலத்தில் நிற்கும். ஆக 26. மேசை 30 அங்குலம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள், அதன் மேல் கீபோர்டின் கனம் வேறு. கிணற்று மேட்டில் தண்ணீர் சேந்துகிற மாதிரி நீங்கள் கீழிருந்து மேலே எட்டி டைப் அடிக்கிறீர்கள். தோள் தூக்கும், விளிம்பு முன்கையை அறுக்கும், மணிக்கட்டு பின்பக்கமாக வளையும். அந்த வளைவைத்தான் நாம் நிமிர்த்த வேண்டும்.

அடுத்தது கீபோர்டின் பின்னங்கால்கள். இரண்டையும் நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள். எல்லாருமே அப்படித்தான் வைக்கிறார்கள், கால் இருக்கிறது என்பதற்காக. அது மணிக்கட்டை இன்னும் பின்னுக்கு வளைக்கும். இன்றைக்கே மடக்கிவிடுங்கள், காசு செலவில்லாத வைத்தியம் இது.

மூன்றாவது மவுஸ். எண்கள் இருக்கும் வலதுபக்கக் கட்டத்தையும் தாண்டி, முத்திரைத்தாள் வைக்கும் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கையை ஒரு முழம் வெளியே வீசி எடுக்கிறீர்கள். சர்வே எண், ஆதார் எண் அடிக்க எண் கட்டம் உங்களுக்குத் தேவை, அதனால் அது இல்லாத சின்ன கீபோர்டு வாங்கச் சொல்ல மாட்டேன். மவுஸை இடது பக்கம் மாற்றிப் பாருங்கள். முதல் நான்கு நாள் எரிச்சலாக இருக்கும், ஒரு முகூர்த்த நாளில் ஆரம்பிக்காதீர்கள். செட்டிங்ஸில் அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டிவிட்டால் கை அசைவே பாதியாகும்.

சரி, உயரத்துக்கு என்ன செய்வது? மேசையைக் குறைக்க முடியாதென்றால் நீங்கள் உயர வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் கொஞ்சம் ஏறும், அதன் மேல் கெட்டியான ஃபோம் திண்டு ஒன்று. இலவம்பஞ்சு வேண்டாம், மத்தியானத்துக்குள் அமுங்கிவிடும். மொத்தம் நான்கு அங்குலம் ஏறினால் போதும். அப்போது கால் தரையில் எட்டாது, தொங்கும், தொடை மரத்துப்போகும். அதற்கு ஆபீஸிலேயே மருந்து இருக்கிறது: பிரிக்காத ஏ4 பேப்பர் பண்டல். ஒன்று சுமார் இரண்டு அங்குலக் கனம். பக்கத்துக்கு இரண்டு அடுக்கி அதன் மேல் பாதத்தை வையுங்கள், தேவைப்பட்டால் மூன்று. முதலாளி பேப்பரில் கால் வைக்கிறாயா என்று கோபித்தால் ஒரு பலகைத் துண்டு, செங்கல், எதுவானாலும் சரி. நீங்கள் உயர்ந்தால் கண்ணும் உயரும், மானிட்டரையும் அதே அளவு தூக்கிக்கொள்ளுங்கள். கீழே சறுக்குப் பலகை வைத்த பழைய கம்ப்யூட்டர் மேசை செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இந்தக் கூத்தே வேண்டியதில்லை, தொடை இடிக்காமலிருக்கிறதா என்று மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

கையெழுத்துப் பிரதியை மேசையில் இடதுபக்கம் படுக்க வைத்து, குனிந்து பார்த்து அடிக்கிறீர்கள். அதை மானிட்டருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைக்க ஒரு கிளிப் அட்டை போதும். இது கழுத்துக்கு.

இன்னொன்று, இது போட்டோவில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்து தமிழ் ஹையர் பாஸ் செய்தவர். அந்த மெஷினில் விரலால் குத்தினால்தான் எழுத்து விழும், அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டர் கீபோர்டையும் குத்துகிறீர்கள், ஆபீஸில் உங்கள் சத்தம் தனியாகக் கேட்கும் என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கீபோர்டுக்கு அவ்வளவு பலம் வேண்டாம், தொட்டால் போதும். அந்தப் பழைய மெஷின் இன்னொரு நல்லதும் செய்தது: ஒவ்வொரு வரி முடிந்ததும் கையை எடுத்து உருளையைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டும். மெஷினே ஓய்வு கொடுத்தது. கம்ப்யூட்டரில் நாலு பக்கக் கிரயத்தைக் கை எடுக்காமல் அடிக்கலாம், அடிக்கிறோம். அதனால் பழைய வழக்கத்தை நாமே கொண்டுவர வேண்டும். சொத்து விவரத்துக்கு முன்னால் ஒரு தடவை, செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) முடிந்ததும் ஒரு தடவை, கையை மடியில் போட்டு அரை நிமிடம் விடுங்கள். மணி பார்த்து எழுந்திருப்பதெல்லாம் உங்கள் ஆபீஸில் நடக்காது, பத்திரத்தின் பத்தி பார்த்து நடக்கும்.

அடிக்கும் எழுத்தையே குறைக்கவும் வழி இருக்கிறது. "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" வகையறா வாசகங்களை எல்லாம் ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டியதில்லை. வேர்டில் ஆட்டோகரெக்ட்டில் இரண்டெழுத்துக் குறியாகச் சேர்த்து வைத்தால், அந்தக் குறியை அடித்து ஒரு ஸ்பேஸ் தட்டியதும் முழு வரியும் வந்து விழும். தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினால் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரெழுத்து இடது கையிலும் மெய் வலது கையிலுமாக, அடிக்கடி வரும் எழுத்துகள் நடு வரிசையில் அமைந்த நல்ல விசைப்பலகைதான் அது, ஷிப்ட் அழுத்துவதும் குறைவு, புதிதாகக் கற்பவருக்கு அதைத்தான் சொல்வேன். பதினொரு வருடம் விரலில் ஊறிய தட்டச்சு முறையை, வலியோடு இருக்கும் இந்த நேரத்தில் மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

பட்டை, மாத்திரை, எண்ணெய்

மணிக்கட்டுப் பட்டையை நீங்கள் தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள். அது ராத்திரிக்கு. பகலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு டைப் அடித்தால், ஏற்கெனவே நெரிசலான இடத்தை வெளியிலிருந்தும் நெரிக்கிறோம், விரல்கள் பட்டையோடு மல்லுக்கட்டுகின்றன. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கத்தான் பட்டை. நீங்கள் வாங்கியதில் உள்ளே கம்பித் தகடு இல்லை போலிருக்கிறது, வெறும் எலாஸ்டிக் மடங்குவதைத் தடுக்காது. தகடு வைத்த ஸ்பிளின்ட் கேட்டு வாங்குங்கள். கடையில் வருவதில் தகடு பெரும்பாலும் பின்னுக்கு வளைந்தே இருக்கும், அதை வெளியே எடுத்து மேசை விளிம்பில் வைத்து நேராக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். ஒரு விரல் நுழையும் தளர்வில், ஆறு வாரம், தினமும் ராத்திரி. இரண்டு நாள் போட்டுவிட்டுப் பலனில்லை என்று கழற்றிப் போடுபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

வலி மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் போட வேண்டாம், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. நரம்பு நசுங்குவதை அது சரிசெய்வதும் இல்லை. நரம்புச் சத்து மாத்திரை, பி12 குறைவு இருந்தால் உதவும். இல்லாதவருக்குச் சும்மா. அதில் பி6 அதிக அளவில் இருந்து பல மாதம் தொடர்ந்தால் அதுவே மரத்துப்போக வைக்கும், இதை யாரும் சொல்வதில்லை. ஸ்மைலி பந்தை அமுக்கச் சொல்லி யாராவது கொடுத்திருந்தால் அதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிடுங்கள். நெரிசலான இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி வேண்டாம்.

நீவுவது பற்றி. முன்கைத் தசையில் மெதுவாக எண்ணெய் தேய்த்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும், அதைத் தடுக்க மாட்டேன். மணிக்கட்டின் உள்பக்கத்தில் கட்டைவிரலை ஊன்றி "நரம்பு எடுக்கிறேன்" என்று அழுத்துவதும் சொடுக்குவதும்தான் ஆபத்து. அத்தை மனம் நோகாமல் சொல்ல வேண்டுமானால், தேய்க்கிற வேலையை அத்தையிடமே கொடுங்கள், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் மட்டும்.

ஜெல் திண்டும் வளைந்த மவுஸும் இப்போது வேண்டாம். மேசை உயரம் சரியில்லாமல் அதை வாங்குவது, ஒழுகுகிற கூரைக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. திண்டின் மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டே டைப் அடித்தால் நரம்பின் மேல் அழுத்தம் கூடும். அது அடிக்காத நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்த்துக்கொள்ள மட்டும்தான். (என் தொழிலிலும் இதே கதைதான். அடுத்தவர் முதுகை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் வீங்கி, விதவிதமான உறை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் சரியானது கட்டிலின் உயரத்தை மாற்றியபோது.)

தண்ணீரா, சர்க்கரையா?

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நான் கேலி செய்யப் போவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஃப்ளோரைடு எலும்பையும் மூட்டையும் பாதித்தால் முதுகு, கழுத்து, இடுப்பு விறைக்கும். மூன்று விரல் மட்டும் ராத்திரியில் மரத்து, உதறினால் விடுவது அதன் போக்கு இல்லை.

நான் சந்தேகப்படுவது வேறு இரண்டு. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த ஒரு வருடத்தில் எடை கூடியிருக்கிறது, சோர்வாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையும் தைராய்டு குறைவும் இந்த நரம்பு நசுங்குவதற்குத் தெரிந்த காரணங்கள், அவை இருந்தால் மேசையை எத்தனை சரிசெய்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டுவோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தப் பணியாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டுக்குத் தனியாக ரத்தம் கொடுக்க வேண்டும். கணவருக்கு ஓசூரில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறது என்றால் மனைவி என்ற முறையில் உங்களுக்கும் அதில் வைத்தியம் உண்டு, குடும்ப விவரத்தில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஊசியும் ஆபரேஷனும்

சொம்பு நழுவியது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஒரு தடவை என்றால் ஈரக்கை என்று விட்டுவிடலாம். இப்போதே இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு வலது கையில் தட்டையாகத் தெரிகிறதா? ஜாக்கெட் கொக்கி மாட்டச் சிரமமா? பகலிலும் மரத்தல் விடாமல் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள், நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஒரு பரிசோதனை எடுப்பார்கள். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருந்தால் அது முடக்குவாதமா என்றும் பார்க்க வேண்டும்.

ஊசி போட்டால் நரம்பு செத்துவிடும் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. பழகிய மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம், சில மாதம் நிம்மதி தரும், பலருக்குத் திரும்பி வரவும் செய்யும்; சர்க்கரை இருப்பவருக்குச் சில நாள் அளவு ஏறும். ஆபரேஷன் என்பது அந்தக் கூரைப் பட்டையை வெட்டி இடம் உண்டாக்குவது, பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிடிமானம் திரும்பச் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். கை விளங்காமல் போவது ஆபரேஷனால் அல்ல, பெரும்பாலும் சதை தேய்ந்து போகும்வரை தள்ளிப்போட்டதால். அந்த மாதிரிக் கைகளை நான் பார்த்திருக்கிறேன், சட்டைப் பொத்தான் போட முடியாமல் மனைவியை எதிர்பார்த்து நிற்பார்கள். நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது, ஆனால் கையைத் தொட்டுப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது.

முதலாளியிடம் எப்படிக் கேட்பது

சட்டம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது, வேலை செய்பவருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை நினைத்து வந்தது அது. உங்களுக்கு இருக்கை ஏற்கெனவே இருக்கிறது, உயரம்தான் சரியில்லை. அந்த அளவுக்குச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போய் மூன்று பேர் வேலை செய்யும் ஆபீஸில் முதலாளியோடு மோதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் கடிதத்தில் அவர் கெட்டவராகவும் தெரியவில்லை, தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

காசு கேட்காமல் இடம் கேளுங்கள். "சார், நாற்காலியைத் தூக்கிக்கிறேன், ரெண்டு பண்டல் கீழே வச்சுக்கிறேன், மவுஸை இந்தப் பக்கம் மாத்திக்கிறேன்" என்றால் எந்த முதலாளிக்கும் மறுக்க ஒன்றுமில்லை. பிழை திருத்தம் பற்றியும் பேசுங்கள். கை மரத்துப்போய் சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறி விழுந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டிவரும், அது அவருக்குப் புரிகிற பாஷை.

ஆறு வாரக் கணக்கை ஒரு பழைய டைரியில் குறித்து வாருங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், அன்றைக்கு எத்தனை பத்திரம், புளி உண்டா இல்லையா, அவ்வளவு போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும் கொண்டுபோங்கள், போட்டோவும் மாத்திரை அட்டையும்கூட. மேசை வேலையை மட்டும் அடுத்த முகூர்த்த நாளுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், டோக்கன் கூடுதலாகக் கொடுக்கிற அன்றைக்கு உங்கள் ஆபீஸில் நாற்காலியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.